தலைப்பின் அதிகாரம்

நூலைக் கையிலேந்திப் படிக்கும் காலம் முற்றாகப் போய்விட்டது என்று சொல்வதற்கில்லை. ஆயினும், கைத்தொலைபேசியின் கண்ணாடித் திரையை விரலால் உருட்டிப் படிக்கும் காலம் வந்துவிட்டது என்பதில் ஐயமில்லை. தோட்டப் பள்ளியில் பயிலும் மாணாக்கர் முதல், ஓய்வுபெற்ற முதியவர் ஈறாகப் பலரும் இன்று அவ்வாறே படிக்கின்றனர். அப்படிப் படிப்போர் யாவரும் ஒன்றைக் கண்டிருப்பர். விரலை மேல்நோக்கித் தள்ளியவுடன் எழுத்தெல்லாம் மேலேறி மறைகின்றது. திரையின் உச்சியிலுள்ள பட்டை மட்டும் அசையாது நிற்கின்றது. தளத்தின் பெயர், இலச்சினை, பகுதிகளின் பட்டியல், தேடுமிடம் முதலியன அதில் இருக்கும். வேறு சில தளங்களில் அப்பட்டையும் எழுத்தோடு சேர்ந்து மேலே போய்விடும். இதனைத் தலைப்பட்டை என்று அழைப்போம். வாசகன் கீழே செல்லச் செல்லத் தலைப்பட்டை நிற்க வேண்டுமா, போக வேண்டுமா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட வினா.

இது வலைத்தளம் அமைக்கும் தொழில்வல்லாரின் கவலை அன்றோ, இலக்கியப் பகுதியின் தலையங்கத்தில் இதற்கு என்ன இடம் என்று சிலர் கேட்கலாம். எழுத்து எவ்வளவு பெரிது, ஓரம் எவ்வளவு அகலம், தலைப்பு எங்கே நிற்பது என்பனவெல்லாம் படிப்பின் பகுதிகளே. அவை செவ்வனே அமைந்தால் வாசகன் அவற்றை நினைப்பதேயில்லை. பிழையாக அமைந்தால் நூலை மூடிவிடுகிறான். தமிழ் படிப்போரைப் பெருக்க விரும்புகிறவர்கள் இவற்றை அற்பமென்று தள்ளுதல் ஆகாது.

நம் முன்னோர் இதனை எவ்வாறு கையாண்டனர் என்று முதலில் பார்ப்போம். பனையோலையில் இடம் சிறிது. ஆதலால் நூலின் பெயரை ஒவ்வோர் ஓலையிலும் முழுமையாக எழுதி இடத்தை அவர்கள் வீணாக்கவில்லை. இடப்பக்க ஓரத்தில் ஏட்டெண்ணை இட்டனர். பகுதியின் பெயரை ஓரத்தில் குறித்துவைத்த சுவடிகளும் உண்டு. கயிறு அவிழ்ந்து ஏடுகள் கலைந்துபோனால் மீண்டும் அவற்றை முறைப்படி சேர்க்க உதவுவது அந்த ஓரக் குறிப்பே. அச்சுப் புத்தகம் வந்தபோது பக்கத்தின் நெற்றியில் ஒரு வரி இடம்பெற்றது. ஒரு பக்கத்தில் நூலின் பெயர், எதிர்ப்பக்கத்தில் இயலின் பெயர், மூலையில் பக்க எண். அதுவும் சிற்றெழுத்தில், ஒரே வரியில்.

நாளிதழைப் பாருங்கள். முதற்பக்கத்தில் இதழின் பெயர் பேரெழுத்தில் விளங்குகிறது. உள்ளே புரட்டினால் பெயரும் திகதியும் பக்க எண்ணும் மெல்லிய வரியாகச் சுருங்கிவிடுகின்றன. முதற்பக்கத்துப் பெயரை அதே அளவில் எல்லாப் பக்கங்களிலும் அச்சிடுவோம் என்று ஒரு பத்திராதிபர் முனைந்தால், செய்திக்கு இடம் ஏது என்று அச்சுக்கோப்பவரே கேட்டிருப்பார். வாயிலில் பெரிதாக நிற்க வேண்டியது ஒன்று. வாசகனோடு உள்ளே வர வேண்டியது வேறொன்று. இந்த வேறுபாட்டை அச்சுலகம் நெடுங்காலமாக அறிந்திருந்தது.

இலக்கணம் கற்றோர்க்கு இவ்வேறுபாடு புதியதன்று. 'அதிகாரம்' என்னும் சொல்லுக்கு இலக்கண உரைமரபில் இருவகை விளக்கம் உண்டு. ஒருவகை, அரசன் தான் இருந்த இடத்தில் இருந்துகொண்டே தன் நாடு முழுவதையும் தன் ஆணைவழி நடக்கச் செய்வது போன்றது. தலைப்பில் நின்ற சொல் அங்கேயே நிற்கும், பின்வரும் சூத்திரங்கள் எல்லாம் அதன் பொருளையே கருதி வரும். மற்றொரு வகை, படைத்தலைவன் தானே உடன்சென்று காரியம் முடிப்பது போன்றது. ஓரிடத்தில் நின்ற சொல், பின்வரும் சூத்திரங்கள் ஒவ்வொன்றோடும் தானே சென்று பொருந்திப் பொருள் தரும். தலைப்பு நிற்பதா, உடன்வருவதா என்ற வினாவை நம் உரையாசிரியர்கள் திரை என்னும் பொருள் தோன்றுவதற்குப் பன்னூற்றாண்டுகள் முன்னரே ஆராய்ந்து பகுத்துவிட்டார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

இவ்விரண்டையும் கண்ணாற் காண விரும்புவோர் மஸ்கெலியாவுக்கு வரலாம். சிவனொளிபாதமலை 2,243 மீற்றர் உயரத்தில் தன்னிடத்திலேயே நிற்கின்றது. பனி மூடிய நாளில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் இவ்வூரார் திசை சொல்வதும், பருவத்தை எண்ணுவதும் அதனை வைத்தே. பழைய மஸ்கெலியா நகரின் கதையோ வேறு. 1960களில் மவுசாகலை நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது அந்நகரம் நீருள் மூழ்கியது. வறட்சியில் நீர் வற்றும் காலத்தில் பழைய கோயிலின் எச்சங்கள் இன்றும் வெளியே தெரிகின்றன. நகரம் மூழ்கியதேயன்றிப் பெயர் மூழ்கவில்லை. அது மக்களோடு மேட்டுக்கு ஏறிவந்து புதிய நகருக்கும் பெயராயிற்று. மலை இருந்த இடத்தில் இருந்தே ஆள்கின்றது. பெயர் உடன்வந்து உதவுகின்றது. மக்களுக்கு எது தேவையோ அது உடன்வந்தது.

இனி வலைத்தளத்துக்கு வருவோம். தலைப்பை நிறுத்திவைக்கும் ஆசை இணையத்தில் மிகப் பழையது. 1996இல் நெட்ஸ்கேப் உலாவியின் இரண்டாம் பதிப்பு, திரையைப் பல சட்டங்களாகப் பிரித்து, ஒன்றை நிறுத்தி மற்றொன்றை மட்டும் உருட்ட வழிசெய்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே ஜேக்கப் நீல்சன் என்னும் பயன்பாட்டியல் அறிஞர் அம்முறையைக் கண்டித்து எழுதினார். பக்கம் என்பது ஒரே பொருளாக இல்லாமற் சிதைகிறது, முகவரியைக் குறித்துவைத்துக்கொண்டு மீண்டும் வந்தால் அதே பக்கம் கிட்டுவதில்லை என்பன அவர் காட்டிய குறைகள். 1998இல் வெளிவந்த தோற்ற விதிகளின் இரண்டாம் பதிப்பு, சட்டங்களாகப் பிரிக்காமலே ஓர் உறுப்பைத் திரையில் நிலையாக நிறுத்தும் முறையை வகுத்தது. கருவி கைக்கு வந்தது. எதனை நிறுத்துவது, எதனை விடுவது என்ற விவேகம் அதனுடன் வந்ததா என்பதே கேள்வி.

நிற்க வேண்டும் என்பாரின் நியாயத்தை முதலிற் கேட்போம். பக்கம் நீளமானால் கீழே சென்ற வாசகன் மீண்டும் உச்சிக்குச் செல்லப் பலமுறை விரலால் இழுக்க வேண்டியிருக்கிறது. பட்டியலும் தேடுமிடமும் கண்முன்னே இருந்தால் அவ்வுழைப்பு மிச்சம். இதனை மறுப்பதற்கில்லை. அட்டவணைக்கு இந்நியாயம் இன்னும் பலமாகப் பொருந்தும். தோட்டத்துச் செக்ரோலை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். இடப்பக்கத்தில் தொழிலாளியின் பெயர். உச்சியில் 1 முதல் 31 வரை திகதிகள். நடுவே வேலைக்கு வந்ததைக் காட்டும் குறிகள். உச்சியிலுள்ள திகதி வரிசையை மறைத்துவிட்டால் எந்த நாளுக்குப் பேர் விழுந்தது, எந்த நாளுக்கு விழவில்லை என்று யார் சொல்ல முடியும்? ஒரு குறிக்கு ஒருநாட் கூலி. பாடசாலையின் வரவு இடாப்பும் புள்ளிப் பட்டியலும் அத்தகையனவே. இவ்வகை அட்டவணைகளைத் திரையில் இடுவோர் நிரல்களின் தலைப்பை நிறுத்திவைத்தே ஆக வேண்டும். அது வசதியன்று; பொருளே அதில் அடங்கியிருக்கிறது.

நிற்க. எதிர்வாதம் இடத்தைப் பற்றியது. கைத்தொலைபேசித் திரையில் 20 வரிகள் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். தளத்தின் பெயரும் பட்டியலுமாகத் தலைப்பட்டை 4 வரிகளை எடுத்துக்கொள்கிறது. அடியில் நிலையாக நிற்கும் விளம்பரம் 3 வரிகளைக் கொள்கிறது. எஞ்சியவை 13. வாசகனுக்குரிய இடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பறிபோயிற்று. சொற்கள் நீண்டிருப்பதால் தொலைபேசியைக் கிடையாகத் திருப்பினால் நிலைமை இன்னும் மோசம். உயரம் பாதியாகக் குறைகிறது, தலைப்பட்டையோ குறைவதில்லை. 10 வரிகளில் 7 போனால் மூன்று வரிகளில் எதைப் படிப்பது? என் வயதினர் எழுத்தைப் பெருக்கிப் படிப்பவர்கள். எழுத்தைப் பெருக்கும்போது பல தளங்களில் தலைப்பட்டையும் சேர்ந்து பெருகிப் பக்கத்தை விழுங்கிவிடுகிறது.

இத்துன்பம் தமிழ் வாசகனுக்குச் சற்று மிகுதி. பல தளங்களில் தலைப்பட்டையின் அளவு வேறொரு மொழியின் சொற்களுக்காக வகுக்கப்படுகிறது. பின்னர் அதே அளவுக்குள் தமிழைத் திணிக்கிறார்கள். 'பதிவிறக்கங்கள்', 'பதவி வெற்றிடங்கள்', 'தொடர்புகளுக்கு' என்னும் சொற்கள் ஒரு வரியில் அடங்குவதில்லை. அமைச்சு ஒன்றின் முழுப்பெயரைத் தமிழில் எழுதினால் அதுவே இரண்டு வரிகளைக் கொள்ளும். எனவே ஆங்கிலத்தில் ஒரு விரல் அகலமாக இருந்த பட்டை தமிழில் இரண்டு விரலாகிறது. தமிழின் மீது குற்றமில்லை. தமிழில் எழுதிப் பார்க்காமல் அளவு வகுத்தமையே குற்றம்.

இன்னொரு குறையும் உண்டு. பொருளடக்கத்தில் ஓர் இயலைத் தொட்டால் பக்கம் அவ்விடத்துக்குத் தாவிச் செல்கிறது. ஆனால் இயலின் பெயரும் முதல் வரியும் நிற்கும் பட்டைக்கு அடியிலே போய் ஒளிந்துகொள்கின்றன. தாவும் இடத்துக்கு மேலே பட்டையின் உயரத்துக்கு இடைவெளி விடுமாறு ஒரு வரிக் கட்டளை எழுதினால் இக்குறை தீரும். அதனை எழுதுவோர் சிலரே. விசைப்பலகையால் மட்டும் இயக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கு, தாம் நிற்கும் இடமே பட்டையின் அடியில் மறைந்துவிடுகிறது. 2023 ஒக்டோபரில் வெளிவந்த வலை அணுகல் வழிகாட்டு நெறிகளின் 2.2ஆம் பதிப்பு, விசைப்பலகையால் சென்றடைந்த உறுப்பு இவ்வாறு முழுவதும் மறைக்கப்படலாகாது என்று புதிய விதியொன்றைச் சேர்த்தது. உலக அளவில் விதி செய்து தடுக்க வேண்டிய அளவுக்கு இக்குறை பரவியிருந்தது என்று இதிலிருந்து உணரலாம்.

முற்றாக விட்டுவிடுவதற்கு எடுத்துக்காட்டும் நம்மிடம் உண்டு. 1998இல் தொடங்கிய மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டத்தின் பக்கங்களில் உச்சியில் நூலின் பெயரும் நன்றியுரையும் இருக்கும். அவற்றைக் கடந்தால் நூல் மட்டுமே. கண்ணுக்கு இடையூறு எதுவுமில்லை. பழைய உபகரணங்களிலும் அப்பக்கங்கள் தடையின்றித் திறக்கும். நம் மாணாக்கர் பலருக்கு அது பெரிய உபகாரம். ஆனால் நெடிய காப்பியமொன்றின் நடுவில் நிற்கும்போது எந்தப் படலத்தில் இருக்கிறோம் என்பது தெரியாமற் போகிறது.

திருக்குறளை எடுத்துக்கொள்ளுங்கள். 133 அதிகாரங்கள், அதிகாரத்துக்குப் பத்துக் குறள்கள். பரிமேலழகர் ஒவ்வோர் அதிகாரத்தின் தொடக்கத்திலும் அது ஏன் அவ்விடத்தில் வைக்கப்பட்டது என்று சொல்லிவிட்டே உரை தொடங்குகிறார். காமத்துப்பாலில் இது இன்றியமையாதது. யார் பேசுகிறார், எந்த நிலையில் பேசுகிறார் என்பதைப் பெரும்பாலும் குறள் சொல்வதில்லை. அதிகாரத்தின் பெயரும் உரைகாரரின் குறிப்புமே சொல்லும். இன்று ஒரு தளத்தில் குறளைத் திறந்து ஏழாம் குறளுக்கு உருட்டினால் என்ன நிகழ்கிறது? அதிகாரத்தின் பெயர் மறைந்துவிடுகிறது. தளத்தின் பெயர் நிற்கிறது. வள்ளுவர் வைத்த தலைப்புப் போய், தளத்தார் வைத்த தலைப்பு நிலைக்கிறது. நிற்க வேண்டியது போகிறது, போக வேண்டியது நிற்கிறது என்பதே என் முறைப்பாடு.

இதனினும் பெரிய முறைப்பாடு ஒன்றுண்டு. அது மொழித் தெரிவைப் பற்றியது. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டுமே அரசகரும மொழியாக்கியது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இல் 16ஆம் திருத்தம் அதன் பயன்பாட்டை மேலும் வகுத்தது. ஆதலின் இந்நாட்டு அரச தளங்களின் உச்சியில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்ற மூன்று சொற்களைக் காண்கிறோம். அவற்றுள் 'தமிழ்' என்னும் அச்சிறு சொல்லுக்குப் பின்னால் மூன்று தசாப்தங்களுக்கு மேற்பட்ட வழக்கும் வருத்தமும் இருக்கின்றன. வலைத்தளத்தில் அந்த உரிமை ஒரு விரல்நுனி அளவான பொத்தானாக நிற்கின்றது. அது தலைப்பட்டையோடு மேலே போய்விட்டால் உரிமையும் கண்ணில் மறைகிறது.

தோட்டத்துத் தந்தை ஒருவர் பிள்ளையின் விண்ணப்பம் பற்றிய இணைப்பொன்றைத் தொலைபேசியில் பெற்று என்னிடம் கொண்டுவந்தார். அவர் தமிழ் மட்டுமே படிக்க வல்லவர். இணைப்பு நேரே பக்கத்தின் நடுவிற் கொண்டுபோய் விட்டது. எழுத்தோ முழுவதும் சிங்களம். தமிழ் உண்டா என்று அவர் வினவினார். உண்டு, ஆனால் அது உச்சியில் இருந்தது. உச்சிக்குச் சென்று தமிழைத் தொட்டோம். தளம் எங்களைத் தமிழ் முகப்புக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. படித்துக்கொண்டிருந்த பக்கம் போயிற்று. முகப்பிலிருந்து மீண்டும் தேட வேண்டியதாயிற்று. நான் அருகில் இருந்ததால் தேடினோம். தனியே இருந்திருந்தால் தமிழில் இல்லை என்றே அவர் முடிவுசெய்து, படிவத்தை நிரப்ப யாரையேனும் நாடிச் சென்றிருப்பார். அவ்வாறு நாடிச் செல்வதற்கு ஒரு நாட்கூலி போகும்.

இவ்விடத்தில் விக்கிப்பீடியா செய்ததை நினைவுகூரலாம். 2023 ஜனவரியில் அதன் ஆங்கிலப் பதிப்பு புதிய தோற்றத்தை ஏற்றது. முகப்பின் பெரிய இலச்சினை வாசகனைப் பின்தொடர்வதில்லை. கணக்கில் நுழைந்து படிப்போர்க்கு மட்டும், உருட்டத் தொடங்கியதும் மெல்லிய வரியொன்று உச்சியில் வந்து நிற்கிறது. அதில் உள்ளவை கட்டுரையின் பெயர், தேடல், பிற மொழிப் பதிப்புக்குச் செல்லும் வழி முதலிய சிலவே. பெரிய தலைப்பைப் போகவிட்டு, சிறிய தலைப்பை உடன்வரச் செய்தனர். அரசனை அரண்மனையில் இருத்திவிட்டுப் படைத்தலைவனை அனுப்பிய கதை இது. நுழையாத வாசகனுக்கும் அவ்வரியைத் தந்திருக்கலாம் என்பது என் கருத்து.

இரண்டுக்கும் நடுவே ஓர் உபாயமும் வழங்குகிறது. கீழே செல்லும்போது பட்டை மறையும். சற்று மேலே இழுத்தால் மீண்டும் தோன்றும். செய்தி படிப்போர்க்கு இது நன்று. செய்யுள் படிப்போர்க்கு ஓர் இடர் உண்டு. உரையைப் படித்துவிட்டு மூலத்தை மீண்டும் பார்க்க ஒரு வரி மேலே இழுத்தால், எந்த வரியைத் தேடினோமோ அந்த வரியின் மேலேயே பட்டை வந்து விழுகிறது. சிறிது தூரம் இழுத்த பின்னரே தோன்றுமாறு அமைத்தால் இவ்விடர் நீங்கும்.

ஆகவே, நிற்க வேண்டுமா என்ற வினாவுக்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் விடை கூற நான் உடன்படேன். எது நிற்க வேண்டும் என்பதே கேட்க வேண்டிய வினா. தளத்தின் பெயரும் இலச்சினையும் விளம்பரமும் வாயிலில் நிற்கட்டும்; வாசகன் அவற்றைக் கண்டுதான் உள்ளே வந்தான். இயலின் பெயரும், அட்டவணையின் நிரற்றலைப்பும், மும்மொழி வழங்கும் இந்நாட்டில் மொழித் தெரிவும் வாசகனோடு உடன்வரட்டும். அவை ஒரு வரிக்கு மேற்படாதிருக்கட்டும். தொலைபேசியைக் கிடையாகத் திருப்பினாலும், எழுத்தைப் பெருக்கினாலும் அவ்வரி பக்கத்தை விழுங்காதிருக்கட்டும். தமிழைத் தொட்டவன் தான் படித்துக்கொண்டிருந்த அதே பக்கத்தின் தமிழ் வடிவத்தை அடையட்டும்.

தளம் அமைப்போர்க்கு ஒரு வேண்டுகோள். அமைத்து முடித்தபின் பெரிய கணினியில் மட்டும் பார்த்து மகிழாதீர்கள். விலை குறைந்த, திரை சிறுத்த தொலைபேசி ஒன்றில், எழுத்தைப் பெருக்கி, தமிழில் திறந்து, நடுப்பக்கத்தில் நின்று பாருங்கள். அங்கே எத்தனை வரிகள் படிக்கக் கிடைக்கின்றன என்று எண்ணுங்கள். தமிழ் நாளிதழ்களின் தளங்களுக்கும் இவ்வேண்டுகோள் பொருந்தும். தாளில் உட்பக்கத்துக்குச் சிறுவரி போதுமென்று அறிந்த நம் பத்திரிகைகள், திரைக்கு வந்தவுடன் அவ்வறிவை மறக்க நியாயமில்லை.

ஆசிரியர்களுக்கும் ஒரு கடமை உண்டு. பாடநூல்கள் இணையத்தில் கிடைக்கும் இக்காலத்தில், எழுத்தைப் பெருக்குவது எப்படி, மொழியை மாற்றும் இடம் எது, நீண்ட பக்கத்தில் இருக்குமிடம் அறிவது எவ்வாறு என்பனவற்றை மாணாக்கர்க்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவர்கள் வீட்டுக்குச் சென்று பெற்றோர்க்குச் சொல்வார்கள். லயத்து வீட்டில் பல குடும்பங்களுக்கு வாசித்துக் காட்டுபவர் இன்றும் பள்ளிப் பிள்ளையே. அப்பிள்ளையின் கையிலுள்ள சிறு திரையில் ஒரு வரி மிச்சப்பட்டால், அதில் ஒரு வரி தமிழ் கூடுதலாகத் தெரியும்.